என் டியூ யாருக்குப் போகிறது? ரிசர்வ் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

மும்பை, ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் நாமக்கல்லில் லாரிக் கணக்கு எழுதுகிறவன். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்துப் பிழைக்கிற அறுபது பேருக்கு மேல் என்னிடம் வருகிறார்கள். டீசல் பில், டிரிப் ஷீட், இன்சூரன்ஸ், எஃப்சி, பெர்மிட், ஜிஎஸ்டி என்று அவர்களுடைய காகிதமெல்லாம் என் மேஜைமேல்தான் கிடக்கும். அதில் எல்லாவற்றையும்விடக் கனமானது ஃபைனான்ஸ் காகிதம். மாதம் பிறந்தால் முதல் கவலை டியூ, அதாவது கடன் தவணை, அப்புறம்தான் டிரைவர் சம்பளம், வீட்டுச் செலவு எல்லாம். அந்த டியூ பற்றித்தான் இந்த மடல்.

போன வருஷம் ஐப்பசியில், என்னிடம் பல வருஷமாகக் கணக்குப் பார்க்கிற ஒரு லாரிக்காரர் வந்தார். ஒரே வண்டி, அவரே ஓட்டுகிறார். பழைய வண்டிக்கு வாங்கிய கடன், 48 டியூ. ஒரு டியூகூட பிசகாமல் கட்டி முடித்துவிட்டார். வண்டியை விற்க சங்ககிரியில் ஒருவரிடம் பேசி, ஐம்பதாயிரம் அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது. ஆர்சி புத்தகத்தில் இருக்கிற எச்பியை, அதாவது வண்டிமேல் கடன் இருக்கிறது என்ற பதிவை, நீக்க வேண்டும். அதற்கு ஃபைனான்ஸ் கம்பெனி என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று தர வேண்டும், படிவம் 35-இல் கையெழுத்துப் போட வேண்டும். "இதோ வந்துரும், அதோ வந்துரும்" என்று ஒரு மாதம் ஓடியது. கிளையில் இருந்த பையன் கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொன்னான்: "அண்ணா, உங்க லோன் பூல்ல இருக்குதுங்க. அவங்க குளோஸ் பண்ணணும்."

"எந்தப் பூலுங்க? யாருங்க அவங்க?" என்று லாரிக்காரர் என்னிடம் வந்து கேட்டார். நீச்சல் குளமா என்று கேட்காததுதான் பாக்கி.

கடன் தகவல் நிறுவனம் தருகிற அவருடைய கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஒரே வண்டிக் கடன் இரண்டு வரியாக நின்றது. முதல் வரியில் அவருக்குத் தெரிந்த கம்பெனி, தொகை 41,200 ரூபாய், நிலை 'முடிந்தது'. இரண்டாவது வரியில் அவர் வாழ்நாளில் படியேறாத ஒரு வங்கி, தொகை 3,70,800 ரூபாய், கணக்கு இன்னும் திறந்தே இருந்தது. இரண்டையும் கூட்டினால் 4,12,000. என்னுடைய பழைய நோட்டைப் புரட்டினேன். எட்டாவது டியூ கட்டிய பிறகு அவருடைய அசல் பாக்கி சரியாக 4,12,000 ரூபாய். அதை 10-க்கு 90 என்று பிரித்து, பத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு தொண்ணூறை விற்றிருக்கிறார்கள். தன் கடன் கைமாறிய விஷயம் அதை நாற்பது மாதம் கட்டி முடித்தவருக்குத் தெரிய வந்தது, ஒரு கணக்குப்பிள்ளை போட்ட கூட்டல் கணக்கால்.

என்ஓசி 74-ஆவது நாள் வந்தது. அதற்குள் சங்ககிரிக்காரர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு வண்டி பார்த்துவிட்டார்.

அந்தக் கம்பெனியின் பெயரையோ வங்கியின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள்மேல் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் என் புகார் அவர்கள் மீறிய விதியைப் பற்றியது அல்ல. கடனை விற்றதைச் சொல்லாமல் இருந்ததில் அவர்கள் மீறிய விதி எது என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணில் எதுவும் படவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்குவது இன்னும் உண்டு. நோட்டு வைத்திருப்பவருக்குப் பணமுடை வந்தால் அதை இன்னொருவருக்கு மேடோவர் செய்துவிடுவார். நோட்டின் பின்பக்கத்தில் இன்னாருக்கு மேடோவர் என்று எழுதிக் கையெழுத்து. இடையில் கொடுத்த பணமும் அதே பின்பக்கத்தில் தேதி போட்டு வரவு வைக்கப்பட்டிருக்கும். ஆள் விட்டோ வக்கீல் நோட்டீஸ் விட்டோ, கடன் வாங்கியவர் காதில் விஷயத்தைப் போட்டுவிடுவார்கள். ஒரு துண்டுக் காகிதத்தைத் திருப்பினால் கடனின் சரித்திரம் முழுவதும் தெரியும். தமிழில் கடன்காரன் என்றால் கொடுத்தவனையும் குறிக்கும், வாங்கியவனையும் குறிக்கும். அந்தக் குழப்பம் ஊரில் யாருக்கும் வந்ததில்லை, ஏனென்றால் நோட்டு யார் பெட்டியில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

நிலம் வாங்கினால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். வண்டிக்கு ஆர்சி இருக்கிறது. நாலு லட்சம் ரூபாய்க் கடன் கைமாறினால் பார்ப்பதற்கு எங்களிடம் எதுவும் இல்லை.

இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களுக்காக, இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனம் ஆயிரக்கணக்கான கடன்களைக் கொடுக்கிறது. பணம் நாலைந்து வருஷத்தில் மெதுவாகத் திரும்பி வரும். அதுவரை காத்திருக்காமல், அந்தக் கடன்களை ஒரு மூட்டையாகக் கட்டி ஒரு டிரஸ்டுக்கு விற்கிறது. டிரஸ்ட் அதன்மேல் பத்திரம் வெளியிட, வங்கிகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் வாங்குகின்றன. நாம் கட்டுகிற டியூ, கம்பெனி வழியாக அந்தப் பத்திரக்காரர்களுக்குப் போகிறது. மூட்டைக்குத்தான் பூல் என்று பெயர், இப்படி விற்பதற்குப் பத்திரமாக்கல் என்று பெயர். டிரஸ்ட் இல்லாமல் நேராக ஒரு வங்கிக்கே எழுதிக் கொடுப்பதும் உண்டு. எங்கள் லாரிக்காரருக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. இதைப் பத்திரமாக்கல் என்று சொல்லக்கூடாது, இதற்குத் தனி விதி என்று நீங்கள் திருத்துவீர்கள். சரிதான். 2021 செப்டம்பர் 24-ஆம் தேதி இரண்டுக்கும் தனித்தனியாக வழிகாட்டுதல் வெளியிட்டீர்கள். ஆனால் டியூ கட்டுகிறவர் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். யாரோ யாருக்கோ விற்றார்கள், இவருக்குச் சொல்லவில்லை.

இந்த வியாபாரமே கூடாது என்று சொல்ல வரவில்லை. பழைய லாரிக்கு எந்த வங்கி மேலாளர் கடன் கொடுத்திருக்கிறார்? வண்டியின் சேஸிஸைத் தட்டிப் பார்த்து, ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தது ஃபைனான்ஸ் கம்பெனிகள்தான். அவர்களுக்குப் பணம் சுழல வேண்டுமென்றால் விற்றுத்தான் ஆக வேண்டும். வங்கிகளும் தாங்கள் கொடுக்கும் கடனில் 40 சதவீதம் விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைக்குப் போக வேண்டும் என்ற உங்கள் விதிக்காக இந்தப் பூல்களை ஆசையோடு வாங்குகின்றன. இந்தியாவில் இது 1991-இல் சிட்டிபேங்க் தன் வாகனக் கடன்களை ஜிஐசி மியூச்சுவல் ஃபண்டுக்கு விற்றதில் தொடங்கியது. அன்றைக்கு சுமார் 16 கோடி ரூபாய். 2024–25-இல் இப்படிக் கைமாறிய கடன் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்று தரமதிப்பீட்டு நிறுவனங்கள் கணக்குச் சொல்கின்றன. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரியில் ஓடுகிற வண்டிகளின் டியூவும் அதில் இருக்கும்.

உங்கள் விதிகளையும் படித்தேன். 2025 நவம்பரில் 9,000-க்கும் மேற்பட்ட பழைய சுற்றறிக்கைகளைத் திரட்டி 244 தொகுப்புகளாக ஆக்கினீர்கள். என்னைப் போன்றவனுக்கு அது பெரிய உபகாரம், உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் சரக்கு 2021-இல் போட்டதுதான். அது மோசமான சரக்கும் இல்லை. கடன் கொடுத்த மறுநாளே விற்றுவிடக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு உட்பட்ட கடனை மூன்று மாதமும், அதற்கு மேற்பட்டதை ஆறு மாதமும் கையில் வைத்திருக்க வேண்டும். எட்டாவது டியூவுக்கு அப்புறம் எங்கள் ஆள் ஏன் விற்கப்பட்டார் என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. விற்றபிறகும் ஒரு பங்கை வைத்துக்கொள்ள வேண்டும். பூல் பத்திரமானால் குறுகிய காலக் கடனில் 5 சதவீதம், நீண்டதில் 10. தான் சமைத்ததில் ஒரு கவளம் தானும் உண்ண வேண்டும் என்ற நல்ல எண்ணம். மொத்தமாக வாங்குகிற வங்கி ஒவ்வொரு கடனையும் பார்க்க முடியாவிட்டால், மூன்றில் ஒரு பங்கையாவது தனித்தனியாகப் பார்த்தே தீர வேண்டும்.

அப்புறம் வெளிப்படுத்தல். கடன்களைச் சராசரியாக எத்தனை மாதம் வைத்திருந்தார்கள், எவ்வளவு பங்கைத் தங்களிடம் நிறுத்திக்கொண்டார்கள், எத்தனை கடன் தவணை தவறியது, யார் எந்த ஊர், எந்தத் தொழில் என்று மார்ச், செப்டம்பர் முடிவுகளில் சொல்லியாக வேண்டும். யாரிடம்? பத்திரம் வாங்கியவர்களிடம். ஆண்டறிக்கையின் குறிப்புகளில் எழுத வேண்டும். யாருக்காக? பங்குதாரர்களுக்காக, உங்களுக்காக. எளிமையானது, வெளிப்படையானது, ஒப்பிடத்தக்கது என்று சில பூல்களுக்கு ஒரு தனி முத்திரையே வைத்திருக்கிறீர்கள். அதில் வெளிப்படை என்ற சொல்லைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பம்பாயில் ஒரு கோடி ரூபாய் போட்டுப் பத்திரம் வாங்கியவருக்கு நாமக்கல் லாரிக்காரரின் தவணை ஒழுங்கு தெரியும். நாமக்கல் லாரிக்காரருக்கு பம்பாய்க்காரர் இருப்பதே தெரியாது.

நீங்கள் இதை யோசிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 ஏப்ரலில், சில்லறைக் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் முக்கியத் தகவல் அறிக்கை ஒன்றை, வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்கச் சொன்னீர்கள். அந்த அறிக்கையின் இரண்டாம் பகுதியில் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தக் கடன் வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டதா, பத்திரமாக்கப்படுமா, இனிமேல் அப்படி நடக்கலாமா? பதில், ஆம் அல்லது இல்லை. என் கைக்கு வந்த எல்லா அறிக்கையிலும் 'ஆம்' என்றே அச்சாகியிருந்தது. விற்றாலும் விற்போம், விற்காமலும் இருப்போம் என்பதற்கு அந்த ஒரு 'ஆம்' போதும். கம்பெனிக்காரன் ஏன் 'இல்லை' என்று போடப்போகிறான்? அந்த 'ஆம்' சொன்ன நாளிலிருந்து கடன் முடியும் நாள்வரை, "இன்றைக்கு விற்றோம், இன்னாருக்கு விற்றோம்" என்கிற அடுத்த வார்த்தை வருவதே இல்லை. கல்யாணம் ஆகலாம் என்று நிச்சயத்தில் சொல்லிவிட்டு, தாலி கட்டிய சேதியைப் பெண்ணுக்கே சொல்லாமல் விட்ட மாதிரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், பக்கத்து வீட்டு விதி சரியாகவே இருக்கிறது. ஒரு வங்கியும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் கோ-லெண்டிங் கடனுக்கு 2025-இல் விதி போட்டீர்கள். யார் யார் பங்குதாரர், யாருக்கு என்ன வேலை என்று ஒப்பந்தத்திலேயே சொல்ல வேண்டும், வாடிக்கையாளரிடம் பேசுகிற ஆள் மாறினால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றீர்கள். சேர்ந்து கொடுத்தால் இரண்டு பேரையும் சொல்ல வேண்டுமாம். ஒருவர் கொடுத்து எட்டு மாதம் கழித்துத் தொண்ணூறு பங்கை இன்னொருவருக்கு விற்றால் சொல்ல வேண்டாமாம். கட்டுகிறவருக்கு இரண்டிலும் கடைசியில் அதே 10-க்கு 90 தான்.

சட்டத்தைக் காட்டுவீர்கள், தெரியும். வங்கிகள் தங்களுக்குள் கடனை விற்கலாம், வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 130-ஆவது பிரிவு, கடன் மாற்றம் செல்லுபடியாக, கடன் வாங்கியவருக்கு நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. ஆனால் அதே பிரிவில் ஒரு காப்பும் இருக்கிறது. நோட்டீஸ் வரும்வரை பழைய ஆளிடமே பணம் கட்டினால் அது கட்டியதாகவே செல்லும், புதிய ஆள் வந்து மறுபடி கேட்க முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் யோசித்து வைத்த நியாயம். வாராக்கடனை வசூலிப்பதற்கான சர்ஃபேசி சட்டம் 2002-இல் வந்தபோது, அப்படிப்பட்ட கடன்களை வாங்கி வசூலிக்கும் மறுசீரமைப்புக் கம்பெனிக்கு விற்றால், பொருத்தமென்று தோன்றினால் நோட்டீஸ் கொடுக்கலாம் என்று எழுதினார்கள். தோன்றினால்! எனக்குத் தெரிந்து யாருக்கும் தோன்றுவதில்லை.

பழைய ஆளிடம் கட்டினால் செல்லும் என்று சட்டம் சொல்கிறபோது, யாருக்கு விற்றால் என்ன என்று கேட்கலாம். எல்லாம் நன்றாக ஓடுகிறவரை ஒன்றும் இல்லைதான். பழைய ஆளே விழுந்துவிட்டால்? 2019-இல் டிஎச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் கம்பெனி தடுமாறியது. பம்பாய் உயர் நீதிமன்றம் பணப் பட்டுவாடாவுக்கு விதித்த தடையில், ஏற்கெனவே விற்கப்பட்ட பூல்களின் தவணைப் பணமும் சிக்கிக்கொண்டது. யாருடைய பணம் எது என்று பிரித்துக் காட்டி வெளியே எடுப்பதற்குள் பத்திரம் வாங்கியவர்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வசூலிக்கிறவன் கையில் இருக்கிற காசும், வசூலித்துக் கொடுக்க வேண்டிய காசும் ஒரே டப்பாவில் கிடந்தால் இப்படித்தான்.

அதே நிறுவனத்தில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. பாந்த்ரா கிளை என்று கணினியில் மட்டுமே இருந்த ஒரு கிளையில், 2.6 லட்சம் போலி வீட்டுக்கடன் கணக்குகள், 14,000 கோடி ரூபாய்க்கு மேல், என்று சிபிஐ 2021-இல் போட்ட வழக்கில் குற்றம்சாட்டியது. அவை பூலில் விற்கப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. நான் யோசித்தது வேறு. இரண்டரை லட்சம் பேருக்கு ஆளுக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'விலாசதாரர் இல்லை' என்று தபால்காரர் எழுதிக் கட்டுக்கட்டாகத் திருப்பியிருப்பார். ஆடிட்டர், தரமதிப்பீட்டாளர், டிரஸ்டி எல்லோரும் கம்பெனி கொடுக்கிற எக்செல் தாளைத்தான் பார்க்கிறார்கள். எக்செல் தாளில் ஆளை உருவாக்குவது எளிது. தபாலை வாங்கிக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும்.

நான் கேட்பது எங்கள் லாரிக்காரருக்கு மட்டும் அனுகூலம் என்று நினைக்க வேண்டாம். கடன் உண்மையா, பாக்கி எவ்வளவு, ஒரே கடனை இரண்டு பேருக்கு விற்றார்களா என்பதை ஒரு ரூபாய் சம்பளம் வாங்காமல் சரிபார்க்கக்கூடிய ஒரே ஆள், கடன் வாங்கியவர். "உங்கள் பாக்கி 4,12,000, இதில் தொண்ணூறு சதவீதத்தை இந்த வங்கிக்கு விற்றோம்" என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தால், "இல்லீங்க, என் பாக்கி மூன்று லட்சம்தான்" என்று சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும். பத்திரம் வாங்கிய பம்பாய்க்காரர் நிம்மதியாகத் தூங்க அதைவிட மலிவான வழி இருக்கிறதா?

ஏடு ஒழுங்காக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா பெரிய பாடம். மாசசூசெட்ஸில் இரண்டு வீடுகள் 2007 ஜூலையில் ஏலம் போயின. ஏலம் விட்டவை, பத்திரமாக்கிய டிரஸ்டுகளின் சார்பில் வந்த இரண்டு பெரிய வங்கிகள். அந்த அடமானத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றி எழுதிய பத்திரமோ ஏலம் முடிந்த பிறகு, 2008-இல்தான் எழுதப்பட்டிருந்தது. ஏலம் விட்ட நாளில் அடமானம் உங்கள் கையில் இருந்ததா, காட்டுங்கள் என்றது நீதிமன்றம். காட்ட முடியவில்லை. 2011 ஜனவரியில் அந்த ஏலங்கள் செல்லாது என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெட்டியில் இருக்க வேண்டிய ஒரு காகிதம் இல்லாததால் வந்த வினை. நம் ஊரில் நீதிமன்றம்வரை போகத் தெம்பு இருக்கிற லாரிக்காரர் குறைவு என்பதால் இங்கே இப்படி வழக்கு வருவதில்லை. காகிதம் ஒழுங்காக இருப்பதால் வழக்கு வரவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வண்டியை நடுரோட்டில் சீஸ் பண்ணும்போது, "இந்தக் கடன் இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது, எழுத்தில் காட்டு" என்று கேட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கேட்டாலும் அந்த நேரத்தில் அடிதான் விழும்.

சரி, என்னதான் வேண்டும் என்கிறீர்களா? பெரிதாக ஒன்றும் இல்லை.

கடன் கைமாறிய முப்பது நாளுக்குள், கடன் வாங்கியவருக்கு அவர் மொழியில் ஒரு எஸ்எம்எஸ்ஸும் ஒரு கடிதமும் போக வேண்டும். என்றைக்கு, யாருக்கு, எத்தனை பங்கு, அன்றைய பாக்கி எவ்வளவு. "நீங்கள் வழக்கம்போல இங்கேயே கட்டுங்கள், என்ஓசியும் நாங்களே தருவோம்" என்று இன்னொரு வரி. டிரஸ்டாக இருந்தால் டிரஸ்டின் பெயரோடு அதன் டிரஸ்டி யார், எங்கே இருக்கிறார் என்பதும் வேண்டும். டிரஸ்ட் என்பது ஊர் பேர் இல்லாத ஒரு காகிதப் பிள்ளை, அதனிடம் போய் யாரும் புகார் கொடுக்க முடியாது. இதே விவரம் வருஷா வருஷம் கொடுக்கும் கணக்கு அறிக்கையில் ஒரு வரியாகத் தொடர வேண்டும், புரோநோட்டின் பின்பக்கம் மாதிரி.

ஏடுகளை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு வங்கிகளுக்கு 1985-லேயே விதி இருக்கிறது. சில ஏடுகளுக்கு 5 வருஷம், சிலவற்றுக்கு 8. லாரிக் கடனுக்கு அது போதும். 20 வருஷ வீட்டுக்கடன், இரண்டாவது வருஷத்தில் விற்றது, பதினைந்தாவது வருஷத்தில் தகராறு என்றால்? விற்ற கடன்களின் மாற்றக் காகிதத்துக்கு வருஷக் கணக்கை, கடன் முடிந்து என்ஓசி கொடுத்த நாளிலிருந்து தொடங்குங்கள். அதுவும் பூல் எண்ணை வைத்து மட்டும் தேடினால் கிடைக்கிற மாதிரி இருக்கக் கூடாது, வாங்கியவரின் கடன் எண்ணை வைத்துத் தேடினாலும் கிடைக்க வேண்டும். இப்போது கிளையில் அந்தப் பையன் பட்ட அவஸ்தையே அதுதான். அவனுடைய திரையில் பூல் என்ற இரண்டெழுத்தைத் தாண்டி ஒன்றும் இல்லை. பாவம், அவன் என்ன செய்வான்?

என்ஓசி விஷயத்தில் ஒரு தெளிவு தேவைப்படுகிறது. கடன் முடிந்த 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எந்தப் பதிவேட்டில் பொறுப்புப் பதிவாகியிருந்தாலும் நீக்க வேண்டும், நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று 2023 செப்டம்பரில் சொன்னீர்கள். அருமையான உத்தரவு. அதைக் காட்டிக் கேட்டேன். "ஆர்சி உங்கள் கையில்தானே இருக்கிறது, நாங்கள் திருப்பித் தர என்ன ஆவணம் இருக்கிறது?" என்று பதில் வந்தது. ஆர்டிஓ ஆபீஸின் வாகனப் பதிவேடு ஒரு பதிவேடு இல்லையா? 74-இல் முப்பதைக் கழித்தால் 44 நாள், 2,20,000 ரூபாய். எங்கள் ஆளுக்கு வந்தது ஒரு ரூபாய்கூட இல்லை. வாகன எச்பியும் இதில் அடக்கம், கடனைப் பூலில் விற்றது தாமதத்துக்குச் சாக்கு ஆகாது என்று நீங்கள் ஒரு வாக்கியம் எழுதினால் போதும். பம்பாய்க்காரர்களுக்கு அரையாண்டுதோறும் போகிற அறிக்கையில், இந்தப் பூலில் முடிந்த கடன்களில் எத்தனைக்கு என்ஓசி 30 நாள் தாண்டியது என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. அவர்கள் முன்னால் மானம் போகும் என்றால் கம்பெனி ஓடோடிக் கையெழுத்துப் போடும்.

கம்பெனிகள் என்ன சொல்வார்கள் என்று எனக்கு இப்போதே காதில் விழுகிறது. ஒன்று, செலவு. ஒவ்வொரு டியூவுக்கும் மூன்று எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள், டியூ தேதிக்கு முன்னால் தினமும் அழைக்கிறவர்கள், விற்றதற்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் திவாலாகிவிட மாட்டார்கள். இன்னொன்றைக் கொஞ்சம் மதிக்கிறேன். விற்றுவிட்டோம் என்று சொன்னால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள், கட்டுவதை நிறுத்திவிடுவார்கள் என்கிறார்கள். அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. 'விற்பனை' என்ற சொல்லைக் கேட்டதும், "கம்பெனி ஓடிப்போச்சாட்டம் இருக்குதுங்க" என்று என்னிடம் ஓடிவருகிறவர்கள் முதல் மாதம் நாலு பேர் இருப்பார்கள். அதற்குத்தான் வழக்கம்போல இங்கேயே கட்டுங்கள் என்ற வரி. புதிதாக ஒருவன் பேசி, "உங்க லோன் எங்ககிட்ட இருக்கு, இந்த நம்பருக்குப் பணம் அனுப்புங்க" என்றால் அது மோசடியா உண்மையா என்று கண்டுபிடிக்க இன்றைக்கு எங்களிடம் வழியே இல்லை. யாருக்கு விற்றார்கள் என்று முன்னமே தெரிந்தவரை அப்படி ஏமாற்ற முடியாது. சொல்லாமல் விடுவதில்தான் பயம் அதிகம்.

போட்டிக் கம்பெனிக்காரன் நல்ல வாடிக்கையாளரைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் லாரிக்காரர் பழைய வண்டியைக் கடைசியில் வேறு ஒருவருக்கு இருபதாயிரம் குறைத்து விற்றார். இப்போது இன்னொரு பழைய வண்டி பார்த்து, இன்னொரு கம்பெனியில் கடன் போட்டிருக்கிறார். போன வாரம் முக்கியத் தகவல் அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல தமிழில்தான் இருந்தது, அதற்கு உங்களுக்கு நன்றி. வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர், இரண்டாம் பகுதியில் அந்த 'ஆம்' வந்ததும் நிறுத்தினார்.

"இது அந்தப் பூலுதானுங்களே?"

"ஆமாங்க."

"இந்தத் தடவையாச்சும் எப்ப விக்கறாங்கன்னு சொல்லுவாங்களா?"

எட்டாவது டியூ கட்டியதும் வந்து என்னைப் பாருங்கள், கடன் அறிக்கையை எடுத்துக் கூட்டிப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவருக்கு முதல் டியூ வருகிற 5-ஆம் தேதி.

இப்படிக்கு,
லாரிக் கணக்கு எழுதுகிறவன்,
நாமக்கல்